கனத்த குட்டி வேண்டும் என்பவர்களுக்கு: மதுரைப் பக்கத்துப் பெண் குதிரைக்கு எந்த இழுவை இனம்?

மதுரை காலங்காலமாகக் குதிரையை விலைக்கு வாங்கிய ஊர். அரிமர்த்தன பாண்டியன் மாணிக்கவாசகரிடம் பொன்னைக் கொடுத்து அனுப்பியதே குதிரை வாங்கத்தான். அந்தப் பொன் திருப்பெருந்துறையில் கோயிலானதும், நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்து இரவோடு இரவாக மறுபடி நரிகளானதும் ஆவணி மூலத் திருவிழாவில் ஆண்டுதோறும் நாம் பார்க்கும் லீலை. புராணத்தை விட்டு வரலாற்றுக்கு வந்தாலும் கணக்கு அதேதான். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப ஏற்பாடு இருந்ததாகவும், ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் விலை என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். கடலில் குதிரை செத்தாலும் பாண்டியன் கஜானாவே விலையைக் கொடுக்க வேண்டும். வியாபாரிக்கு இதைவிட நல்ல ஒப்பந்தம் எங்கே கிடைக்கும்?

அதே காலத்தில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு படி மேலே போகிறார். இந்த நாட்டில் குதிரை பெருகாது, உயர்ந்த ஆண் குதிரையை உயர்ந்த பெண் குதிரையோடு சேர்த்தாலும் பிறப்பது கால் கோணலான, சவாரிக்கு உதவாத குட்டிதான் என்கிறார். குதிரைக்குச் சோறும் இறைச்சியும் வேகவைத்துப் போடுகிறார்கள் என்றும் குறிப்பிடுகிறார். இந்த இரண்டு செய்திகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது என் ஊகம். தீவனத்துக்கு வரும்போது அதைப் பேசலாம்.

இப்போது மதுரை, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் குதிரை வைத்திருப்பவர்களில் கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் விழாவுக்கும் விடுபவர்கள் உண்டு, எல்கைப் பந்தயக்காரர்கள் உண்டு, சவாரி கற்றுக்கொடுப்பவர்கள் உண்டு, தோப்பில் ஆசைக்குக் கட்டியிருப்பவர்களும் உண்டு. இவர்கள் எல்லாருடைய கைப்பேசியிலும் ஷயர், பெல்ஜியம் என்ற ஐரோப்பிய இழுவைக் குதிரை இனங்களின் படங்கள் வந்துவிட்டன. குளம்பை மூடும் மயிரோடு, ஆள் உயரத்துக்கு மேல் முதுகோடு, வண்டியை விளையாட்டாக இழுத்துக்கொண்டு போகும் குதிரைகள். “அண்ணே, நம்ம குதிரைக்கு இதைப் போட்டா குட்டி கனமா வரும்ல?” என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறக்கிறது. கேள்வியில் தப்பில்லை. “கனம்” என்று எதைக் கேட்கிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

இழுவைக் குதிரை கலப்பில் தரக்கூடியவை மூன்று: உடல் எடை, கால் எலும்பு, நிதானமான குணம். எடை சுலபமாக வந்துவிடும். குணம் பெரும்பாலும் வரும். எலும்பு வருமா என்பதுதான் சந்தேகம். மதுரை வெயிலிலோ எடை நமக்குத் தேவையே இல்லாத சரக்கு. எலும்புக்காகவும் குணத்துக்காகவும் மட்டுமே இந்தக் கலப்பை யோசிக்கலாம். அப்படி யோசித்தால், படத்தில் மயக்கும் பெரிய இனங்கள் எல்லாம் பட்டியலிலிருந்து தாமாகவே விழுந்துவிடும்.

நம் ஊரில் ஏன் இந்த வகையே இல்லை

இந்த இனங்கள் உருவானது குளிர்ந்த, ஈரமான, களிமண் பூமியில். ஓட்ஸும் புல்லும் தாராளமாகக் கிடைத்த இடங்கள் அவை. ஆழமாகப் போகும் இரும்புக் கலப்பை, கால்வாய்ப் படகு, துறைமுகச் சரக்கு, மதுபீப்பாய் ஏற்றிய வண்டி என்று இழுக்க வேண்டிய பாரம் கூடக்கூட, ஆட்களும் பெரிய குதிரையையே தேர்ந்து தேர்ந்து பொலிக்கு விட்டார்கள். இங்கிலாந்தில் ஷயர், ஸ்காட்லாந்தில் கிளைட்ஸ்டேல், பிரான்சில் பெர்ச்சரான், பெல்ஜியத்தில் பிரபான்ட் எல்லாம் அப்படி வந்தவைதான்.

நம் பக்கம் அந்த வேலை முழுவதையும் மாடு பார்த்துக்கொண்டது. கள்ளிக்குடி, திருமங்கலம் கரிசலில் குதிரை கட்டி உழுதவர் யார்? காங்கயம் காளை வெயிலைத் தாங்கும், வைக்கோலில் வாழும், அசைபோட்டுச் செரிக்கும். குதிரைக்கு இங்கே கிடைத்த வேலை ஜட்கா வண்டிதான். இலேசான இரண்டு சக்கரம், நாலைந்து ஆள், ஒரே சீரான ஓட்டம். அதற்கு வேண்டியது தசை மலை அல்ல, நடை. அதனால்தான் மார்வாரி, காத்தியவாரி, கட்ச்சி சிந்தி, ஸ்பிட்டி, ஜான்ஸ்காரி, பூட்டியா, மணிப்புரி என்று இந்தியாவின் பதிவான குதிரை இனங்களில் ஐரோப்பிய அளவிலான கனத்த இழுவை இனம் ஒன்றுகூட இல்லை. இருக்கிற குதிரைகளும் வேகமாகக் குறைந்து வருகின்றன. 2012 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 6 லட்சத்துக்கு மேல் இருந்த குதிரை, மட்டக்குதிரைகளின் எண்ணிக்கை 2019இல் 3.4 லட்சமாக இறங்கிவிட்டது. ஒரு நல்ல பெண் குதிரையின் ஒரு வருடக் கருப்பை இன்று அவ்வளவு மலிவான பொருள் இல்லை.

குட்டியின் அளவைத் தீர்மானிப்பது தாய்

இந்த விஷயத்தில் எனக்கு மிகப் பிடித்த ஆராய்ச்சி 1938இல் வெளியானது. கேம்பிரிட்ஜில் வால்டன், ஹேமண்ட் என்ற இருவர் உலகின் மிகப் பெரிய குதிரைகளில் ஒன்றான ஷயரையும், மிகச் சிறியவற்றில் ஒன்றான ஷெட்லாந்து மட்டக்குதிரையையும் இரண்டு திசையிலும் கலந்து பார்த்தார்கள். ஷயர் தாய்க்கு ஷெட்லாந்து விந்து, ஷெட்லாந்து தாய்க்கு ஷயர் விந்து. செயற்கைக் கருவூட்டல் மூலம். மரபுக் கணக்கில் இரண்டு குட்டிகளும் பாதிக்குப் பாதி. ஆனால் ஷயர் தாய் ஈன்ற குட்டி, மட்டக்குதிரை ஈன்ற குட்டியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு எடை. நஞ்சுக்கொடியின் பரப்பு எவ்வளவோ, குட்டிக்குப் போகும் ஊட்டமும் அவ்வளவுதான். தகப்பன் எவ்வளவு பெரியவனாக இருந்தாலும், கருப்பைக்குள் அதிகாரம் தாயுடையது. வளர வளர அந்த இடைவெளி குறைந்தது, ஆனால் முழுவதும் மறையவில்லை. சிறிய தாயின் குட்டி கடைசிவரை சிறியதாகவே நின்றது.

இந்தப் பரிசோதனை நம் பக்கத்தில் நிலவும் ஒரு பயத்தையும் ஒரு ஆசையையும் சேர்த்தே உடைக்கிறது. “பெரிய ஜாதியைப் போட்டா குட்டி உள்ளேயே மாட்டிக்கும்” என்ற பயம் மிகையானது. “ஷயரைப் போட்டா ஷயர் மாதிரி வரும்” என்ற ஆசையும் மிகையானதே. மிகை என்றால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குதிரையின் பிரசவம் மாட்டின் பிரசவம் போல நிதானமானதல்ல. பனிக்குடம் உடைந்தபின் இருபது முப்பது நிமிடத்துக்குள் குட்டி வெளியே வந்தாக வேண்டும். தலை திரும்பி, கால் மடங்கி இருந்தால், டாக்டர் வண்டியை எடுத்துக் கிளம்புவதற்குள் காரியம் கெட்டுவிடும். முதல் ஈற்றுக்கு நிற்கும் பெண் குதிரையை இந்தக் கலப்புக்கு விடவே வேண்டாம். ஏற்கெனவே ஒன்றிரண்டு குட்டியைச் சிரமமில்லாமல் ஈன்றதாக இருக்கட்டும்.

உண்மையான ஆபத்து சேர்க்கை நேரத்தில்தான். 350 கிலோ எடையுள்ள நாட்டுப் பெண் குதிரையின் முதுகில் 900 கிலோ எடை ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. ஆகவே இங்கே பெரிய இனம் என்று பேசினாலே அது கருவூட்டல் ஊசி என்றுதான் பொருள். அதிலும் உறைவிந்து மாட்டுக்குப் போடுவது போன்ற வேலை இல்லை. பெண் குதிரை 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வந்து, ஐந்து முதல் ஏழு நாள் அப்படியே நிற்கும். முட்டை வெளிப்படுவது கடைசி ஒன்றிரண்டு நாளில். அதற்குச் சில மணி நேரம் முன்னேபின்னே விந்து உள்ளே இருக்க வேண்டும் என்பதால் தொடர்ந்து ஸ்கேன் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து விந்தையோ குதிரையையோ கொண்டுவர மத்திய கால்நடைத் துறையின் அனுமதி வேண்டும். உயிருள்ள குதிரை என்றால் தனிமைப்படுத்தலும் உண்டு. இந்தச் செலவைக் கேட்டவுடனேயே பாதிப் பேர் நல்ல மார்வாரியைத் தேடிப் போய்விடுவார்கள். அவர்கள் போகட்டும், அது கெட்ட முடிவல்ல.

வெயில்

சித்திரையில் அழகர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்கும்போது மதுரையில் 40 டிகிரியை நெருங்கும் பகல்கள் சகஜம். ஒரு உடல் எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கானால் அதன் எடை எட்டு மடங்காகும், தோலின் பரப்போ நான்கு மடங்குதான். வெப்பத்தை உண்டாக்குவது எடை, வெளியேற்றுவது தோல். பெரிய குதிரை வெயிலில் தோற்பது அதன் சோம்பலால் அல்ல, இந்தக் கணக்கால். அதோடு, குளிருக்காக அமைந்த தடித்த தோலும் கொழுப்பும் சேர்ந்துகொள்கின்றன.

குதிரை நம்மைப் போலவே வியர்த்துத்தான் குளிரும். குளிர்ப் பிரதேசத்திலிருந்து வெப்பமும் ஈரமும் உள்ள ஊருக்கு வரும் குதிரைகளில் சில, நாளாக ஆக வியர்ப்பதையே நிறுத்திவிடுகின்றன. வெள்ளைக்காரர்கள் காலத்திலேயே கவனித்த கோளாறு இது. தோல் காய்ந்து, மூச்சு வாங்கி, நிழலில் நின்றாலும் உடம்பு கொதிக்கும். இதற்கு நம்பகமான மருந்து இல்லை. குளிர்ந்த இடத்துக்கு மாற்றுவதே வழி. கொடைக்கானல் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் கல்யாண ஊர்வலம் மதுரையில் அல்லவா நடக்கிறது?

சிறிய இனம் என்றால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. ஆஸ்திரிய, இத்தாலிய மலைப்பகுதியின் ஹாஃப்லிங்கர் 54 முதல் 60 இன்ச் உயரம்தான். செம்பட்டை உடம்பு, வெளுத்த பிடரி மயிர், உறுதியான கால். இதை வைத்து மலைப்பகுதிக்கான பொதி விலங்குகளை உருவாக்க இந்திய ராணுவம் முயன்றது. நம் நாட்டுப் பாலைவெப்பத்தைத் தாங்க முடியாமல் அந்த முயற்சி தோற்றது. ஆக உயரம் குறைவு என்பது மட்டும் போதாது.

இனம் இனமாக

உயரத்தை நம்மவர்கள் இன்ச்சில்தான் சொல்வார்கள் என்பதால் நானும் அப்படியே சொல்கிறேன். நாட்டுக் குதிரை 52 முதல் 56, காத்தியவாரி 58 முதல் 60, மார்வாரி 58 முதல் 64 இன்ச்சுக்குள் பெரும்பாலும் அடங்கும்.

ஷயர் பொலிகுதிரை 68 இன்ச்சுக்கு மேல், ஒரு டன்னைத் தொடும் எடை. கிளைட்ஸ்டேல் அதைவிடக் கொஞ்சம் இலேசு, நடை அழகு. நம் ஊரில் இந்த இரண்டில் யாருக்கும் பிடிக்கப்போவது கிளைட்ஸ்டேல்தான் என்று எனக்குத் தெரியும். காரணம், நான்கு காலும் வெள்ளை, நெற்றியிலும் வெள்ளை; பார்த்தவுடன் பஞ்சகல்யாணி. சுழி பார்த்து, பஞ்சகல்யாணி பார்த்து விலை பேசும் சந்தையில் அது போதும். ஆனால் அந்த வெள்ளைக் காலுக்கு அடியில் இளஞ்சிவப்புத் தோல். அதன்மேல் அடர்ந்த மயிர். ஐப்பசி மழையில் சேறும் ஈரமும் அந்த மயிருக்குள் தங்கும், உண்ணிப்பூச்சி குடியேறும், கணுக்காலில் புண் கிளம்பும். ஷயர், கிளைட்ஸ்டேல், பெல்ஜிய இழுவைக் குதிரை இவற்றில் இதற்கு மேலும் ஒன்று உண்டு: காலில் நிணநீர் வடியாமல் தேங்கி, வருடத்துக்கு வருடம் வீங்கி, தோல் மடிப்பு மடிப்பாகத் தடித்துப்போகும் நோய். குணமாகாது. சந்தையில் குதிரை வாங்கும்போது சுழிக்குச் செலவிடும் நேரத்தில் கால்வாசியை முழங்காலுக்குக் கீழே செலவிட்டால் நம்மவர்கள் எவ்வளவோ பணத்தை மிச்சப்படுத்தலாம்.

பெர்ச்சரானின் கால் சுத்தம்; மயிர் குறைவு. சாம்பல் அல்லது கறுப்பு நிறம். சாம்பல் நிறமரபு ஓங்கியது என்பதால், தகப்பனிடம் இரண்டு பிரதியும் இருந்தால் பிறக்கும் குட்டி எல்லாமே வயதாக ஆக வெளுத்து வெள்ளைக் குதிரையாகும். ஊர்வலத்துக்கு வெள்ளை கேட்பவர்களுக்கு இது நல்ல செய்தி. நொக்ரா எனப்படும் பிறவி வெள்ளைக் குதிரையைப் போலத் தோலும் வெளுத்திருக்காது. மயிர் வெள்ளை, தோல் கறுப்பு, வெயிலுக்கு நல்லது. வயதான சாம்பல் குதிரைகளுக்கு வாலடியில் கறுப்புக் கட்டிகள் வரும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் பெர்ச்சரானிலும் பெல்ஜியத்திலும் மறைந்திருக்கும் பெரிய சிக்கல், தசையில் சர்க்கரை தவறாகச் சேமிக்கப்படும் மரபுக் கோளாறு. இரண்டு நாள் கொட்டிலில் ஓய்வாகத் தின்றுவிட்டு மூன்றாம் நாள் வேலைக்கு எடுத்தால், பின்தொடை கட்டையாக இறுகி, வியர்த்து, நகர மறுக்கும். தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ ஒரே ஒரு மரபணு வந்தால் போதும், கோளாறு வரலாம். ஆகவே கலப்பு என்பதாலேயே குட்டி தப்பிவிடாது. மயிர் வேரை வைத்தே பரிசோதித்துவிடலாம். அந்தச் சான்றிதழ் இல்லாத பெர்ச்சரான், பெல்ஜிய விந்து இலவசமாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். ஷயரில் இந்தக் கோளாறு மிக அரிது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன்.

சஃபோக் பஞ்ச் நல்ல குதிரை. செம்பட்டை நிறம், சுத்தமான கால், 1768இல் பிறந்த ஒரே ஆண் குதிரைக்குப் போய்ச் சேரும் வம்சம். அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் அது; மதுரைக்கு வருவதைப் பற்றி நாம் பேசிப் பயனில்லை.

எனக்குத் தோதாகப் படுவது பிரான்சின் பிரித்தானிப் பகுதி இனமான பிரெத்தோன். அதிலும் போஸ்தியே என்ற இலேசான வகை. 60 முதல் 63 இன்ச் அளவில் நிற்கும். ஆங்கிலேய நார்ஃபோக் ஓட்டக் குதிரை, ஹாக்னி இவற்றின் ரத்தம் கலந்தது என்பதால் இழுப்பதோடு நன்றாக ஓடவும் தெரியும். பிரெஞ்சு ராணுவம் பீரங்கி இழுக்க வைத்திருந்தது இதைத்தான். காலில் மயிர் குறைவு. இந்திய ராணுவத்தின் இனப்பெருக்கப் பண்ணைகளிலும் கோவேறு கழுதைகளுக்கு உடல்வாகான தாய்க்குதிரைகளை உருவாக்க இந்த ரத்தத்தைச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு நூறாண்டுக்கு முன் ஐரோப்பியக் கனத்த இனங்களில் நம் ஊர் ஜட்காவுக்குக் கொஞ்சமாவது பொருந்தியிருக்கக் கூடியது எது என்று கேட்டால் இதைத்தான் கைகாட்டுவேன். இழுவை ரத்தத்தைச் சவாரிக் குதிரையோடு கலப்பதில் பெயர் பெற்ற ஐரிஷ் டிராஃப்டும் இதே வரிசையில் நிற்கும். ஆனால் அது 61 முதல் 67 இன்ச். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்று நம் பக்கம் வந்து சேரும் 62 இன்ச், 450 கிலோ தரோபிரெட் பெண் குதிரைக்குத்தான் அது சரி. 56 இன்ச் நாட்டுக் குதிரைக்கு அல்ல.

எல்கைப் பந்தயக்காரர்களுக்கு ஒரே வரி: எந்த இழுவை இனமும் வேண்டாம். உயரம் கூடக்கூட மூச்சுக்குழல் மேல் நரம்பு தளர்ந்து இரைச்சல் எடுக்கும் கோளாறும் கூடும். கனத்த இனங்களில் அது சகஜம். அரைப் பங்கு பெர்ச்சரான் எல்கைக் கல்லைத் தொடும்போது பக்கத்து ஊர்க்காரன் காத்தியவாரி பரிசை வாங்கிக்கொண்டு போயிருக்கும்.

கால் கோணல் எங்கிருந்து வந்தது

மார்க்கோ போலோவின் கோணல்கால் குட்டிக்கு இப்போது வரலாம். அரிசி, தவிடு, வைக்கோல் என்று நெல்லைச் சுற்றியே தீவனம் இருந்தால் குதிரைக்குப் பாஸ்பரஸ் அதிகமாகவும் கால்சியம் குறைவாகவும் போகும். உடல் எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைத்து எடுத்துச் சமாளிக்கும். தாடை வீங்கும், வளரும் குட்டியின் கால் வளையும். பாண்டியன் லாயத்தில் நடந்தது இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் மண்ணின் சாபம் என்பதைவிட இது நம்பக்கூடிய காரணம்.

அதே பள்ளம் இன்றும் இருக்கிறது, பச்சை நிறத்தில். பால் மாட்டுக்காக நாம் போட்டு வைத்திருக்கும் கோ-4, கோ-5 கம்பு நேப்பியர், கினியா புல், கொழுக்கட்டைப் புல் இவற்றில் ஆக்சலேட் அதிகம். மாட்டின் முதல் வயிற்றில் அதை உடைக்கும் நுண்ணுயிர்கள் உண்டு. குதிரைக்கு அந்த வசதி இல்லை. ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப் போட்டுச் சாணத்தோடு தள்ளிவிடும். பாதி இழுவை ரத்தம் உள்ள குட்டி வேகமாக எடை போடும் ஜாதி. எடை ஏற ஏற, எலும்பு காத்திருந்தால் மூட்டு வீங்கும், கால் திரும்பும். இங்கேதான் நான் முதலில் சொன்ன எடைக்கும் எலும்புக்கும் உள்ள பந்தயம் நடக்கிறது. நாமோ பாசத்தில் வேகவைத்த கொள்ளையும் மக்காச்சோளத்தையும் அள்ளி வைத்து எடையின் பக்கம் சேர்ந்துகொள்கிறோம்.

அருகம்புல்லும் நல்ல காய்ந்த புல்லும் அடிப்படையாக இருக்கட்டும். கால்சியத்துக்குக் குதிரைமசால், அது கிடைக்காத இடத்தில் வேலிமசால். சூபாபுல் வேண்டாம், அதிலுள்ள மிமோசின் பிடரியையும் வாலையும் மொட்டையாக்கிவிடும். சினைக் குதிரையைப் பச்சைச் சோளத்தில் மேயவிட வேண்டாம். சோளம், சூடான் புல் மேய்ந்த குதிரைகளுக்குப் பின்கால் தள்ளாட்டமும் சிறுநீர்ப்பைக் கோளாறும் வருவதும், சினையாக இருந்தவை கால் மடங்கி இறுகிய குட்டியை ஈன்றதும் பதிவாகியிருக்கின்றன.

அளவுக்கும் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். காய்ந்த தீவனமாகப் பார்த்தால் குதிரை தன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு தின்னும். 350 கிலோ தாய்க்கு 7 கிலோ. 600 கிலோ கலப்புக் குதிரைக்கு 12 கிலோ. தண்ணீர், சும்மா நின்றாலே 100 கிலோவுக்கு 5 லிட்டர். கத்திரியில் அது இரட்டிப்பாகும். 600 கிலோ குதிரை என்றால் நாளுக்கு 60 லிட்டர், வேலை செய்தால் இன்னும் மேலே. ஆழ்குழாய் வற்றும் மாதத்தில் இந்தக் கணக்கு வேறு மாதிரி உறைக்கும். லாடமும் அப்படியே: பெரிய குளம்புக்கு ஆயத்த லாடம் கிடைக்காது, அடித்துத்தான் செய்ய வேண்டும். அந்தக் காலைத் தூக்கிப் பிடிக்கச் சம்மதிக்கும் லாடக்காரரையும் தேட வேண்டும்.

நம் பக்கத்தில் இரண்டு வயதிலேயே குதிரையை வண்டியில் பூட்டுவது வழக்கம். கனத்த ரத்தம் உள்ளவை தாமதமாகத்தான் முதிரும். முதுகெலும்பின் வளர்ச்சித்தட்டுகள் மூடவே ஐந்து, ஆறு வயதாகும். பார்க்க மூன்று வயதில் முழுக் குதிரை போல நிற்கும். பூட்டினால் நான்கு வயதில் நொண்டும். அதுவரை தீவனம் போட்டுக் காத்திருக்க முடியாதவர்கள் இந்தக் கலப்பில் இறங்காமல் இருப்பதே நல்லது.

இறங்கித்தான் ஆவேன் என்பவர்களுக்கு

தாய்தான் பாதி முடிவு என்பதால் தாயிலிருந்து தொடங்குங்கள். 58 இன்ச்சுக்குக் குறையாத உயரம், அகன்ற இடுப்பு, நேரான கால், முன்பே ஈன்ற அனுபவம், 15 வயதுக்குள். தலை கனத்த, கால் மெல்லிய குதிரையை இழுவை இனம் சரிசெய்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கலப்பு குறையைச் சமன் செய்யும் தராசு அல்ல. தகப்பனின் உடம்பும் தாயின் காலும் ஒரே குட்டியில் வந்து சேர்வதும் நடக்கும், அதுதான் கலப்பின் மிக மோசமான முடிவு. தகப்பன், தாயைவிட நாலைந்து இன்ச்சுக்கு மேல் உயரமில்லாமல், காலில் மயிரில்லாமல், தசைக்கோளாறுப் பரிசோதனை முடிந்ததாக இருக்கட்டும்.

அசல் மார்வாரியோ காத்தியவாரியோ உங்கள் தாய்க்குதிரை என்றால், இந்தக் குட்டி எந்த இனப் பதிவிலும் ஏறாது. சந்தையில் அதன் விலை அதன் தோற்றத்துக்கு மட்டும்தான். நல்ல அசல் பெண் குதிரையை இதற்குச் செலவழிப்பது வீண் என்பது என் கருத்து. ஏற்கெனவே கலப்பான, நல்ல உடல்வாகுள்ள பெண் குதிரைதான் இதற்கு ஆள்.

காலத்தைப் பொறுத்தவரை நமக்கு ஒரு வசதி இருக்கிறது. குளிர்நாடுகளில் பகல் நீளும் மாதங்களில் மட்டும் பெண் குதிரை பருவத்துக்கு வரும். மதுரையில் ஆண்டின் நீளமான பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம் என்பதால், நன்றாகத் தின்னும் குதிரை ஏறக்குறைய ஆண்டு முழுவதும் பருவத்துக்கு வரும். சினைக்காலம் 340 நாள் அளவு. மாசியில் சினை பிடித்தால் தையில் ஈனும். வடகிழக்குப் பருவமழை முடிந்து புல் பச்சையாக இருக்கும், கத்திரிக்கு முன்பு குட்டிக்கு மூன்று மாதம் கிடைக்கும். சித்திரை, வைகாசியில் சினைக்கு விட்டால் பங்குனி, சித்திரை வெயிலில் குட்டி விழும், அதைத் தவிருங்கள்.

பிறந்தது ஆண் என்றால் காயடித்து வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாதி ரத்தத்தைப் பொலிக்கு விட்டால் அடுத்த தலைமுறையில் ஒன்று மாடு போலவும் ஒன்று மான் போலவும் வரும். பெண் என்றால், ஐந்து வயதில் அதை மறுபடி ஐரோப்பிய இனத்துக்குப் போடாமல், எலும்பு நல்ல காத்தியவாரிக்குப் போடுங்கள். பிறக்கும் குட்டியில் கனத்த ரத்தம் கால்பங்குதான் இருக்கும். தாயின் கருப்பை இப்போது பெரிது, தகப்பனின் தோல் வெயிலுக்குப் பழகியது. சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிக் குதிரைப்படைக்கு நூறாண்டுக் காலம் முதுகு கொடுத்த ஆஸ்திரேலிய வேலர் குதிரைகளும் ஏறத்தாழ இப்படித்தான் உருவாயின: தரோபிரெட், அரபு, தீமோர் மட்டம் என்ற இலேசான ரத்தத்தின் நடுவே கிளைட்ஸ்டேல் போன்ற கனத்த ரத்தம் ஒரு பங்கு.